பாடு கூட்டத்துக்கு ஒரு வெளியாள்

போன எபிசோட்ல உக்ரைன், மால்டோவா, அல்பேனியா மாதிரி நாடுகள் ஐரோப்பிய யூனியன்ல சேர வரிசையில நிக்கிறதைப் பத்திப் பேசினோம். சேரணும்னா முதல்ல கோர்ட்டைச் சரி பண்ணுங்கன்னு அவங்க கிட்ட சொல்றாங்கன்னும், அந்த வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்து உக்கார்றாங்கன்னும் போற போக்குல ஒரு வரி சொன்னேன். அதுக்கு ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அக்கா, ஒரு நாட்டோட ஜட்ஜைச் சரிபார்க்க வெளிநாட்டுக்காரன் எதுக்கு வரணும்? அது அவங்க வீட்டு விஷயம் இல்லையா?"

உடனே பதில் ரெக்கார்ட் பண்ண உக்காந்தேன். ரெண்டு நிமிஷம் பேசிட்டு அழிச்சிட்டேன். கேட்டா டிவியில செய்தி வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் அந்தக் கேள்வியை எங்க ஊருக்குக் கொண்டு போய் வெச்சுப் பார்த்தேன். அங்கே வெச்சா அது எனக்கே வலிக்கிற கேள்வியா இருக்கு. அதனால இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் பழவேற்காடு, கொஞ்சம் அல்பேனியா. பொறுத்துக்கோங்க.

நான் பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பத்துல பொறந்தவ. உங்கள்ல பல பேர் அங்க வந்திருப்பீங்க. பொன்னேரி தாண்டி பைக்ல வந்து, பூநாரை பார்த்து, போட்ல ஒரு ரவுண்டு போய், எறால் வறுவல் சாப்பிட்டு, ஸ்டோரி போட்டுட்டுத் திரும்பியிருப்பீங்க. தப்பில்ல. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கு. தெற்கு முனையும் கடலோடு சேருகிற ஒரு முகத்துவாரமும் நம்ம பக்கம். நீங்க போட்ல போகும்போது தண்ணிக்குள்ள வரிசையா கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதுதான் சுத்து வலை. எந்த இடத்துல யார் அந்த வலையைக் கட்டலாம், என்னைக்குக் கட்டலாம்னு முடிவு பண்ற ஏற்பாட்டுக்குப் பேரு பாடு.

பாடுன்னா முறை. ஏரியில எல்லா இடமும் ஒண்ணு கிடையாது. முகத்துவாரத்துக்குப் பக்கத்துல, நீரோட்டம் வந்து திரும்புற இடத்துல, எறால் கொட்டும். கொஞ்சம் தள்ளிப் போனா பாசிதான் வலையில ஏறும். நல்ல இடத்தைப் பலசாலி பிடிச்சுக்கிட்டா மத்தவன் பட்டினி. அதனால இடங்களுக்குச் சீட்டுக் குலுக்குவாங்க. யாருக்கு எந்த இடம் விழுதோ அங்கிருந்து ஆரம்பிச்சு முறை சுத்தி வரும். இன்னைக்கு நல்ல இடத்துல இருக்கிறவன் அடுத்த முறைக்கு அதை விட்டு நகர்ந்துடணும். உரிமை தலைக்கட்டுக்கு ஒண்ணு, அதாவது கல்யாணம் ஆன ஆம்பளைக்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம்னு பழைய பட்டினவர் குப்பங்கள் தலைமுறை தலைமுறையா இப்படித்தான் ஏரியைப் பங்கு போட்டுக்கிட்டு வந்திருக்காங்க.

எங்க ஊர்ல குலுக்கல் அன்னைக்குக் கோயில் முன்னாடி எல்லாரும் கூடுவாங்க. சீட்டை எடுக்க விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனைக் கூப்பிடுவாங்க. ஏன் பையன்னு தாத்தா கிட்ட கேட்டேன். "சீட்டை எடுக்கிற கைக்கு வலை இருக்கக் கூடாது பாப்பா"ன்னார். நான் லா காலேஜ் போய் மூணாவது வருஷம் படிச்சதை எங்க தாத்தா பீடி பத்த வெச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போயிட்டார். தன் வழக்குல தானே நீதிபதியா உக்காரக் கூடாதுன்னு ஒரு விதி உண்டு, அதேதான் இது.

இந்த ஏற்பாடு வெளியுலகத்துக்கும் தெரியும். 1991-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு செபாஸ்டியன் மாத்யூ எழுதிய பழவேற்காடு பாடு பற்றிய ஆய்வைத் தனி வெளியீடாகவே கொண்டு வந்தது. அரசாங்கம், போலீஸ், கோர்ட் எதுவும் இல்லாம ஒரு பொதுச் சொத்தை இவ்வளவு காலம் சண்டையில்லாம பகிர்ந்துக்க முடியுமான்னு உலகம் கேட்டுக்கிட்டிருந்த காலம் அது. அந்த ஆய்வை முதல்தடவை லைப்ரரியில பார்த்தப்ப எனக்குப் பெருமை தாங்கல. ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குக் கொண்டு போனேன். எங்க பெரியப்பா புரட்டிப் பார்த்துட்டு, "படம் ஒண்ணும் இல்லியேம்மா"ன்னு திருப்பிக் குடுத்துட்டார்.

பெருமையை இதோட நிறுத்திக்கிறேன். இதுக்கு அடுத்தது பெருமையான விஷயம் கிடையாது.

அப்ப எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். எங்க குப்பத்துக்குப் பக்கத்துல ஒரு இருளர் குடியிருப்பு. அந்த வீட்டுப் பொம்பளைங்க வலை போட மாட்டாங்க. இடுப்பளவு தண்ணியில இறங்கி, உக்காந்து, சேத்துக்குள்ள கையால துழாவி எறால் பிடிப்பாங்க. பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையும் தண்ணிக்குள்ள. கை முழுக்க எறால் முள்ளு குத்தின தழும்பு இருக்கும். அவங்களுக்குப் பாடு கிடையாது. குலுக்கல்ல பேர் கிடையாது. வலை கட்டாத இடத்துல, யாரும் கண்டுக்காத நேரத்துல பிடிச்சுக்கலாம், அவ்வளவுதான்.

ஒருநாள் எங்க பெரியப்பா கூட்டாளிகளோட வலை கிழிஞ்சு கிடந்துச்சு. முந்தின நாள் அந்தப் பக்கம் எறால் தடவிக்கிட்டிருந்தது ஒரு இருளர் அக்கா. எங்க வீட்டுக்கு எறால் கொண்டு வந்து அரிசி வாங்கிட்டுப் போறவங்க. ஊர்க் கூட்டம் போட்டாங்க. உக்காந்த பெரியவங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேருக்கு அந்த வலையில பங்கு இருந்துச்சு. அக்கா ரொம்ப தூரத்துல, கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. அவங்களை யாரும் எதுவும் கேக்கல. அபராதம்னு ஒரு தொகை சொன்னாங்க. அவங்க குடும்பம் அதை எறாலாவே எத்தனையோ வாரம் கொட்டிக் குடுத்துக் கழிச்சுது. வலைக்குப் பங்குதாரங்களுக்கு வந்ததுல ஒரு பங்கு எங்க வீட்டுக்கும் வந்துச்சு. அந்த வருஷம் எனக்குப் புது யூனிஃபார்ம் தைச்சாங்க. அதுவும் இதுவும் ஒரே பணம்தானான்னு எனக்கு நிச்சயமா தெரியாது. ஆனா ஒரே மாசம்.

ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில பெரியப்பா சாதாரணமா சொன்னார்: "அது மோட்டார் போட்டு ஏறிக் கிழிஞ்சது. அப்பவே தெரியும். போட்டுக்காரன் நம்ம சம்பந்தி ஆளு, என்னாத்தச் சொல்றது."

சீட்டை எடுக்க வலை இல்லாத கையைத் தேடின அதே ஊர், தீர்ப்பு சொல்ல வலைக்காரங்களையே உக்கார வெச்சுது. அதுல தப்பு இருக்கிறதா அங்கே ஒருத்தருக்கும் தோணல. எனக்கும் அப்ப தோணல.

இந்த இடத்துல அல்பேனியாவைக் கூட்டிட்டு வர்றேன்.

அல்பேனியா கிரீஸுக்கு வடக்கே, கடலைத் தாண்டி இத்தாலியைப் பார்த்த மாதிரி இருக்கிற ஒரு சின்ன நாடு. கம்யூனிஸ்ட் ஆட்சியில 1967-ல் வக்கீல் தொழிலையே ஒழிச்ச நாடு அது. நிஜமாவே ஒழிச்சாங்க; 1990 வரைக்கும் அங்கே என்னை மாதிரி ஆளுக்கு வேலையே கிடையாது. ஆட்சி மாறினதுக்கு அப்புறம் வக்கீல்களும் கோர்ட்டும் வந்தாங்க, கூடவே லஞ்சமும் வந்துச்சு. கேஸ் ஜெயிக்க ஜட்ஜுக்குப் பணம் குடுக்கணும்கிறது ஊர் அறிஞ்ச ரகசியம். ஜட்ஜ் மேல நடவடிக்கை எடுக்க வேண்டியதும் ஜட்ஜுங்கதான். பிராசிக்யூட்டரை விசாரிக்க வேண்டியதும் பிராசிக்யூட்டருங்கதான். எல்லாருக்கும் அந்த வலையில ஒரு பங்கு.

2014-ல் அல்பேனியா ஐரோப்பிய யூனியனுக்கு அதிகாரபூர்வ வேட்பாளர் நாடானது. சேர்க்கைக்கான பேச்சுவார்த்தை 35 அத்தியாயங்கள் கொண்டது. மீன்பிடிக்கு ஓர் அத்தியாயம், வரிக்கு ஓர் அத்தியாயம், இப்படி. அதில் 23-வது அத்தியாயம் நீதித்துறையும் அடிப்படை உரிமைகளும். அதை முதல்ல திறப்பாங்க, கடைசியிலதான் மூடுவாங்க. மத்த எல்லாத்துலயும் பாஸ் ஆனாலும் இதுல தேறாட்டி உள்ள போக முடியாது.

2016 ஜூலையில் அல்பேனிய நாடாளுமன்றம் அரசியல் சாசனத்தையே திருத்தியது. எதிரும் புதிருமா அடிச்சுக்கிட்டிருந்த கட்சிகள் எல்லாம் சேர்ந்து 140-க்கு 140 ஓட்டு. அதுக்கு முந்தின வாரங்கள்ல ஐரோப்பிய யூனியன் தரப்பும் அமெரிக்கத் தரப்பும் எவ்வளவு நெருக்கினாங்கன்னு தெரிஞ்சா அந்த ஒற்றுமை எங்கிருந்து வந்துச்சுன்னு புரியும். திருத்தம் சொன்னது இதுதான்: நாட்டில் இருக்கிற எல்லா ஜட்ஜும், எல்லா பிராசிக்யூட்டரும், கிட்டத்தட்ட 800 பேர், மறுபடி ஒரு சோதனைக்கு வரணும். மூணு விஷயம் பார்ப்பாங்க. சொத்து எங்கிருந்து வந்தது, குற்றக் கும்பலோட தொடர்பு உண்டா, வேலை தெரியுமா.

சொத்து விஷயத்துல ஒரு கண்டிப்பு. வழக்கமா குற்றம் சாட்டுறவங்கதான் நிரூபிக்கணும். இங்கே ஜட்ஜ்தான் கணக்குச் சொல்லணும். இந்த ஃபிளாட் எப்படி வாங்கினீங்க, அந்தப் பணத்துக்கு வரி கட்டினீங்களா, மச்சான் குடுத்தான்னா மச்சானுக்கு எப்படி வந்துச்சு. நம்ம ஊர்லயும் இந்த மச்சான் பதிலைக் கேட்டிருக்கோம் இல்லையா?

இப்ப அந்தத் தம்பி கேட்ட விஷயத்துக்கு வர்றேன். சோதனை பண்ற கமிஷன்ல இருந்தவங்க அல்பேனியர்கள். மேல்முறையீட்டு அமர்வுல இருந்தவங்களும் அல்பேனியர்கள். வெளிநாட்டுக்காரங்க அவங்க பக்கத்துல உக்காந்தாங்க. ஐரோப்பிய ஆணையம் நடத்தின சர்வதேசக் கண்காணிப்புக் குழுன்னு ஒண்ணு. தங்கள் நாட்டில் நீண்ட அனுபவம் உள்ள ஜட்ஜுகளும் பிராசிக்யூட்டர்களும் அதில் பார்வையாளர்கள். அவங்களுக்கு ஓட்டு கிடையாது. யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. ஆனா எல்லா ஃபைலையும் பார்க்கலாம், கருத்து எழுதலாம். ஒரு ஜட்ஜைக் கமிஷன் விட்டுடுச்சுன்னா, இதை அப்பீல் பண்ணுங்கன்னு பொது ஆணையர்னு இருக்கிற அதிகாரிக்குப் பரிந்துரைக்கலாம். அவர் மறுக்கலாம். மறுத்தா ஏன் மறுக்கிறார்னு எழுத்துல காரணம் சொல்லணும்.

எனக்கு இந்தச் சின்ன விஷயம்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க ஊர்க் கூட்டத்துல அன்னைக்கு ஒரே ஒரு வெளியாள் உக்காந்திருந்தா, தீர்ப்பு சொல்ற உரிமைகூட வேணாம், "அந்தம்மாவை ஏன் கேக்கலை?"ன்னு எழுதி வெச்சிருந்தா, பெரியப்பா அதுக்குப் பதில் எழுதியிருக்கணும். அவரால எழுதியிருக்க முடியாது. கை எழுத மறுத்திருக்கும்.

எல்லா நாட்டுலயும் இதே ஏற்பாடு இல்ல. உக்ரைன்ல ஊழல் ஒழிப்பு உயர் நீதிமன்றத்துக்கு ஆள் எடுத்தப்ப, ஆறு வெளிநாட்டு நிபுணர்கள் கொண்ட குழுவுக்கு வேட்பாளர்களைத் தடுத்து நிறுத்தற அளவுக்கு அதிகாரம் இருந்துச்சு. அவங்க சந்தேகப்பட்ட பலர் பட்டியல்ல இருந்து விழுந்தாங்க. அந்தக் கோர்ட் 2019 செப்டம்பர்ல வேலையை ஆரம்பிச்சுது.

அல்பேனியாவுல என்ன ஆச்சு? முதல் கட்டச் சோதனை முடியவே 2024 ஆயிடுச்சு. சோதனைக்கு வந்தவங்கள்ல பாதிக்கு மேல தேறல. பதவி நீக்கம் ஆனவங்க உண்டு, சோதனைக்கு முன்னாடியே ராஜினாமா பண்ணிட்டு ஓடினவங்களும் உண்டு. அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதி ஒருத்தரே பதவி இழந்து, ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனார். 2021 பிப்ரவரியில் அந்த நீதிமன்றம் உரிமை மீறல் எதுவும் இல்லைன்னு சொல்லிடுச்சு. இதே சீர்திருத்தத்துல 2019-ல் உருவான சிறப்பு வழக்குத் தொடர் அமைப்பு, முன்னாள் அதிபர் இலிர் மெட்டாவை 2024 அக்டோபரில் கைது பண்ணுச்சு. பத்து வருஷத்துக்கு முன்னாடி அந்த நாட்டுல இதைச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க.

ஆனா இதுக்கு ஒரு விலை இருந்துச்சு, அதைச் சொல்லாம போனா நான் உங்களுக்குப் பாதிதான் சொன்ன மாதிரி. ஜட்ஜுகளை இவ்வளவு வேகமா வெளியேத்தினதுல கோர்ட்டுகள் காலியாச்சு. அரசியல் சாசன நீதிமன்றம் 2018-ல் இருந்து 2020 கடைசி வரைக்கும் கோரம் இல்லாம முடங்கிக் கிடந்தது. ஒரு கட்டத்துல ஒரே ஒரு நீதிபதிதான் மிச்சம். உயர் நீதிமன்றத்துலயும் அதே கதை, பல்லாயிரக்கணக்கான வழக்குகள் தேங்கிப் போச்சு. நிலத் தகராறு, ஜீவனாம்சம், பென்ஷன். இப்படி ஏதோ ஒண்ணுக்காகக் காத்திருந்தவங்களுக்கு நேர்மையான ஜட்ஜும் கிடைக்கல, பழைய ஜட்ஜும் கிடைக்கல.

அந்தக் காத்திருப்பு எனக்குக் கொஞ்சம் தெரியும். பெரியப்பாவோட படகை ஒரு பெரிய கப்பல் இடிச்சதுக்கு நஷ்டஈடு கேட்டு ஒரு கோர்ட்ல கேஸ் போட்டார். பதினோரு வருஷம். வாய்தா தேதிக்கு முதல் நாள் கடலுக்குப் போக மாட்டார், தூங்கிடுவோமோன்னு. கடைசியில பஸ் செலவு நஷ்டஈட்டைத் தாண்டிடும்னு விட்டுட்டார். "நம்ம கூட்டத்துல இது ஒரு சாயங்கால வேலை"ன்னார். அது உண்மை. அதே கூட்டம் ஒரு சாயங்காலத்துல அந்த அக்காவை என்ன பண்ணுச்சுங்கிறதும் உண்மை.

சரி, வெளியாள் வந்தா எல்லாம் சரியாயிடுமா? பழவேற்காட்டுல பொறந்தவ அப்படிச் சொல்லவே மாட்டா. எங்க ஊருக்கு வெளியாள் புதுசு இல்ல. டச்சுக்காரங்க 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. சோழமண்டலக் கரையில அவங்க தலைமையிடமே பல காலம் அதுதான். அவங்களும் சட்டம், ஒப்பந்தம், முத்திரை எல்லாத்தோடயும்தான் வந்தாங்க. அதே துறையில துணி ஏத்தின கப்பல்லயே 17-ஆம் நூற்றாண்டுல ஆயிரக்கணக்கான மனுஷங்களை அடிமையா ஏத்தி அனுப்பினாங்க. இன்னைக்கு டச்சுக் கல்லறையில அழகா செதுக்கின எலும்புக்கூடு வாசல்ல நீங்க போட்டோ எடுக்கிறீங்க. ஏத்தி அனுப்பப்பட்டவங்களுக்கு ஒரு கல்லும் கிடையாது. அதனால வெளிநாட்டுக்காரன் எதுக்குன்னு கேக்கிற தம்பி முட்டாள்தனமா கேக்கலை. அந்தச் சந்தேகத்துக்கு நானூறு வருஷ வயசு.

ஒரு குறும்பான தகவல்: எங்க கரையோர மீனவப் பஞ்சாயத்துகளோட சட்டத்தை மதிச்சு, அரசுச் சட்டத்துக்குப் பக்கத்துல வெச்சு, 2001-ல் புத்தகம் எழுதினவர் மார்ட்டன் பாவிங்க். அவரும் ஒரு டச்சுக்காரர்.

அல்பேனியாவுக்கும் கம்பெனிக் காலத்துக்கும் நான் பார்க்கிற வித்தியாசம் ரெண்டு. அல்பேனியா கூப்பிட்டாங்க, சாசனத்துல எழுதி, காலக்கெடு வெச்சுக் கூப்பிட்டாங்க. ரெண்டாவது, வந்தவனுக்கு ஓட்டு இல்ல. இதுலயும் ஒரு உறுத்தல் இருக்கு. கதவைத் திறக்கிறவன் கையில சாவி இருக்கும்போது கூப்பிடுறது முழுசா விருப்பப்பட்டுக் கூப்பிடுறதான்னு கேட்டா, எனக்குச் சந்தேகம்தான். யூனியன்ல சேர்றது தள்ளிப் போயிக்கிட்டே இருந்தா அந்த ஆர்வம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

இந்தியாவுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. நாம சேர்றதுக்கு யூனியன் ஒண்ணும் காத்திருக்கல. அப்போ நம்ம ஊருக்கு வெளியுலகம் எதுவும் கொண்டு வரலையா? கொண்டு வந்துச்சு, வேற வழியா. 1992-ல் ரியோ மாநாடு. அதுல பத்தாவது கொள்கை, சுற்றுச்சூழல் விஷயத்துல மக்களுக்குத் தகவல், பங்கேற்பு, கோர்ட் கதவு மூணும் கிடைக்கணும்னு சொல்லுது. ஐரோப்பாவுல அது 1998-ல் ஆர்ஹஸ் உடன்படிக்கையாச்சு. யூனியன்ல சேர வர்ற நாடுகள் கிட்ட அதையும் எதிர்பார்க்கிறாங்க. இங்கே அது கோர்ட் வழியா வந்துச்சு. நாகப்பட்டினம் பக்கம் எறால் பண்ணைகளால நிலமும் தண்ணியும் உப்பாகுதுன்னு காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. அந்தத் தீர்ப்புல எங்க ஏரியோட பேர் இருக்கு: சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுத்தி 1,000 மீட்டருக்குள்ள எறால் பண்ணைத் தொழில் கூடாது, பாரம்பரிய முறைகளுக்கு மட்டும் விலக்கு. மாசு பண்ணினவனே செலவை ஏத்துக்கணும், ஆபத்து நிரூபணமாகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்கிற கொள்கைகளை அதே வருஷம் ஆகஸ்ட்ல, வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலை வழக்குல, இந்த நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு அதே நீதிபதி ஏத்துக்கிட்டார். எங்கேயோ நடந்த மாநாட்டுல பேசினது ஏரிக்கரை வரைக்கும் வந்துச்சு. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குன்னு தனிச் சட்டம் வந்து அந்தத் தீர்ப்போட கூர்மையை மழுக்கிடுச்சுங்கிறது தனி எபிசோட்.

2010-ல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் முன்னுரையிலேயே ஸ்டாக்ஹோம், ரியோ ரெண்டையும் சொல்லுது. தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கு. அங்கே ஜட்ஜ் பக்கத்துல ஒரு துறை நிபுணர் உக்கார்றார், அவருக்கு ஓட்டும் உண்டு. எண்ணூர் கழிமுகத்துல அனல் மின் நிலையச் சாம்பல் கொட்டினதுக்கு மின் வாரியம்தான் பொறுப்புன்னு 2022-ல் தீர்ப்பு வாங்கினாங்க எண்ணூர் மீனவர்கள். முகத்துவாரத்துல இருந்து ஒரு பஸ்ல போய் இறங்கற தூரத்துல ஒரு கோர்ட். எங்க பெரியப்பாவுக்குக் கிடைக்காத ஒண்ணு.

ஆனா அந்த நிபுணரையும் ஜட்ஜையும் நியமிக்கிறது யாரு, எத்தனை வருஷத்துக்கு? அரசாங்கமே பெரும்பாலான வழக்குல எதிர்த் தரப்பு. அது நாலு வருஷத்துக்கு ஒருதரம் ஆளை மாத்திக்கலாம்னா, உக்கார்றவர் அடுத்த நியமனத்தை நினைச்சுக்கிட்டேதான் உக்காருவார். இதைத் தீர்ப்பாயம் தீர்ப்பாயமா எதிர்த்துக்கிட்டு வர்றது நம்ம பாரிமுனையில இருக்கிற மெட்ராஸ் பார் அசோசியேஷன். 2010, 2014, 2020, 2021. 2021 ஜூலையில் நாலு வருஷம் செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னதும், அடுத்த மாசமே நாடாளுமன்றம் அதையே புதுச் சட்டமா கொண்டு வந்துச்சு. 2025 நவம்பர்ல அதையும் உச்ச நீதிமன்றம் தள்ளுச்சு. இந்த ஆட்டத்துல பிரஸ்ஸல்ஸ்ல இருந்து யாரும் வரல. கருப்புக் கோட்டு போட்ட நம்ம ஊர் ஆளுங்கதான், பதினஞ்சு வருஷமா. அல்பேனியாவுக்கு வெளியில இருந்து வந்த கண்ணு நமக்கு உள்ளேயே இருக்கான்னு கேட்டா, இருக்கு, ஆனா அது ரொம்ப மெதுவா நடக்குது.

இதெல்லாம் டெல்லி விஷயம். பாடு விஷயத்துக்கு யாரும் கோர்ட் போகல. போகவும் மாட்டாங்க.

இலங்கையில நீர்கொழும்பு களப்புல நம்ம சுத்து வலை மாதிரியே கட்டுடெல்னு ஒரு முறை. அங்கேயும் சீட்டு, அங்கேயும் சுழற்சி. அதை 1958-லேயே அரசாங்கம் விதிகளா எழுதி அங்கீகரிச்சுது. எழுதினதுல ஒரு வசதி: யார் உள்ளே, யார் வெளியேன்னு கண்ணுக்குத் தெரியும், அதனால கேள்வியும் கேக்கலாம். எங்க பாடு எங்கேயும் எழுதல, பெரியவங்க ஞாபகத்துல இருக்கு. ஞாபகத்துக்கிட்ட எப்படி அப்பீல் பண்றது?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க மாமாதான் இப்போ ஊர்ப் பெரியவங்கள்ல ஒருத்தர். அவர்கிட்ட அல்பேனியா கதையைச் சொன்னேன். பொறுமையா கேட்டார். அந்த 140-க்கு 140-ல சிரிச்சார். அப்புறம் கேட்டேன்: "மாமா, கூட்டத்துல ஒரு வெளியாள் உக்காரட்டும். ஓட்டு வேணாம். இருளர் குடியிருப்புல இருந்து ஒருத்தர் உக்காரட்டும். தீர்ப்புல அவங்க பேச்சையும் ஒரு நோட்டுல எழுதி வெக்கலாம்."

"எழுதுறதுக்கு யாரு?"ன்னார்.

"நான் எழுதுறேன்."

ரொம்ப நேரம் அவர் வலையைப் பார்த்துக்கிட்டிருந்தார். எங்க ஊர்க் கூட்டத்துல பொம்பளை உக்காந்தது கிடையாது. எங்க ஆயா நாப்பது வருஷம் பொன்னேரி மார்க்கெட்டுல மீன் வித்து வீட்டைக் காப்பாத்தினாங்க, ஒரு நாளும் அந்த மதில் தாண்டி உள்ள வரலை. ஹைகோர்ட்ல ஜட்ஜ் முன்னாடி நின்னு பேசலாம், கோயில் முன்னாடி உக்கார முடியாது, இதுதான் என் நிலைமை. அதனால இருளர் அக்காவுக்காக மட்டும் நான் இதைக் கேட்டேன்னு சொன்னா அது பொய்.

"நீ வெளியாளா உள்ளாளா?"ன்னு கேட்டார் மாமா.

எனக்குப் பதில் வரலை. நான் அந்த யூனிஃபார்ம் போட்டவ. எனக்கும் வலையில பங்கு இருக்கு. அவர் கேட்டது தாத்தா கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

திரும்பி வரும்போது அந்த அக்காவைப் பார்த்தேன். இப்ப தண்ணியில இறங்கறது இல்ல, முட்டி வலி. மக இறங்குறாங்க. பழைய விஷயத்தை நானே எடுத்தேன். மோட்டார் போட்டுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும்னு சொன்னேன். "எங்களுக்கு அன்னைக்கே தெரியுமே"ன்னாங்க. நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. கூட்டத்துல உக்காருறதைப் பத்திச் சொன்னேன். "பேசுறதை அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு பாயைப் போடச் சொல்லு"ன்னாங்க.

மாமா நேத்து ராத்திரி போன் பண்ணினார். அடுத்த கூட்டத்துல கேட்டுப் பாக்கிறேன்னார். நோட்டுக்குச் சரின்னு ரெண்டு பேர் சொல்லியிருக்காங்களாம். பாய் விஷயத்துக்கு இன்னும் யாரும் வாயைத் திறக்கலையாம். எழுதுறது நான் இல்ல, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர், வெளியூர்க்காரர், அவரைக் கேக்கலாம்னு பேச்சு. எனக்கு முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் சின்னப் பையன் கையை நினைச்சுக்கிட்டேன்.

வாய்ஸ் நோட் அனுப்பின தம்பி, இதான் இப்போதைக்கு என் பதில். கூட்டம் முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னு வந்து சொல்றேன்.